மஞ்சள் பிடிக்காத தோல்

என்னைச் செய்த கம்பெனி எனக்கு வைத்த பெயர் ரொம்ப நீளம், நடுவில் எண்கள் வேறு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை பிறந்துவிடும் என்று நர்ஸுகள் சொட்டக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ஈரோட்டில் பெருந்துறை ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரி. அதில் மூன்றாம் நம்பர் பிரசவ அறை, கட்டிலுக்கு இடப்பக்கம் ஒரு கம்பம். அந்தக் கம்பம் நான். வலி வரவழைக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது, மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது, வயிற்றைச் சுற்றிய பெல்ட் வழியாக உள்ளே நடப்பதைக் கவனிப்பது, இவ்வளவுதான் வேலை. எனக்குக் கருப்பை கிடையாது. அபிப்பிராயங்கள் நிறைய உண்டு.

நீளமாகப் பேசினால் எனக்குப் புத்தகத் தமிழ் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் ஊட்டி அனுப்பினார்கள். பேச்சுத் தமிழ் நானாகவே இந்த வார்டில் பொறுக்கியது. அதில் பாதி, வலி எடுத்த பெண்கள் புருஷனைத் திட்டும் தமிழ் என்பதால் எல்லா இடத்திலும் உபயோகிக்க முடிவதில்லை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து கொடுக்க மறுக்கும் உரிமை எனக்கு உண்டு. காரணம் சொல்லாமல் மறுக்கும் உரிமை கிடையாது. நானோ டாக்டரோ எழுதும் ஒவ்வொரு காரணமும் அடுத்த நொடி குடும்பத்தார் போனில் போய் விழும். குடும்பத் திரை என்று அதற்குப் பெயர். படுத்திருப்பவள் மட்டும்தான் அதைப் பார்க்க முடியாது. அவள் கையில் என் ஊசி இருக்கும்.

அடுத்து மாசிலா ஜெல். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, சந்து முனை மெடிக்கல் ஷாப்பில்கூட ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறதே. தடவினால் பழைய தோல் உரிந்து புதுத் தோல் வரும். தழும்பு இருந்த இடத்தைச் சத்தியம் செய்து காட்டச் சொன்னாலும் காட்ட முடியாது. கம்பெனி அத்தோடு விடவில்லை. பழைய மருத்துவ விவரங்களை அழிக்கச் சட்டம் அனுமதித்ததும், தோலையும் விவரத்தையும் சேர்த்தே துடைத்துக் கொடுக்க ஒரு பேக்கேஜ் போட்டார்கள். கல்யாணச் சந்தையில் அது சக்கைப்போடு போட்டது.

யாழிசை என்று ஒரு பெண். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். ஒருநாள் காலையில் மாமியாரும் கணவனுமாக அழைத்துக்கொண்டு வந்தார்கள். மாமியார் பெயர் மோனிஷா. இப்போது மாமியார்கள் பெயரெல்லாம் மோனிஷா, ஸ்ருதிகா என்றுதான் இருக்கிறது. பெயர்தான் மாறியிருக்கிறது, வேறெதுவும் மாறியதாகத் தெரியவில்லை. அந்த அம்மாள் வாசலில் கால் வைக்கும்போதே கத்திக்கொண்டுதான் வந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, இன்னைக்குப் பூசம். வெளக்கு வெக்கறதுக்குள்ள முடிஞ்சு ஆயில்யம் பொறந்துருது. பொட்டப்புள்ளயா இருந்து ஆயில்யத்துல பொறந்துதுன்னு வைங்க, நாளைக்கு எந்த மாமியாக்காரி அதை வூட்டுக்குள்ள சேத்துவா? பூசத்துலயே பொறந்தாகோணும்."

டாக்டர் ஷெரின் நட்சத்திரத்துக்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. "நட்சத்திரம் என் டிபார்ட்மென்ட் இல்லைம்மா" என்று சொல்லிவிட்டு ஸ்கேன் பார்த்தார். மாதம் நிறைந்திருந்தது, பனிக்குடத்தில் தண்ணீர் கொஞ்சம் குறைவாக இருந்தது, வலியைக் காணோம். காத்திருப்பதைவிட வலி வரவழைப்பது நல்லது என்று அவர் நினைத்ததில் தவறே கிடையாது.

"முதல் பிரசவம்தானே?" என்று யாழிசையைக் கேட்டார்.

"ஆமா டாக்டர்" என்று பதில் சொன்னது கணவன் நிதர்சன். யாழிசை மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பியூர் நேச்சுரல்தான் டாக்டர். எங்க ஃபேமிலியில யாருக்கும் கத்தி பட்டதில்லை. எங்கம்மாவுக்கு நான் சுகப்பிரசவம். இவளுக்கும் அப்படித்தான் ஆகோணும். மூச்சுப் பயிற்சிகூட நானே சொல்லிக் குடுத்திருக்கேன்."

மூச்சுப் பயிற்சியை அவன் செய்து காட்டினான். நர்ஸ் ஒருத்தி வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

மாத்திரை எழுதிவிட்டு டாக்டர் பக்கத்து அறைக்குப் போனார். பெல்ட் கட்ட வேண்டும் என்று மற்றவர்களை நான் வெளியே அனுப்பினேன். நிதர்சன் காபி தேடிப் போனான். மோனிஷா போகவில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு யாருக்கோ போன் போட்டுப் பூசம், ஆயில்யம் என்று ஒப்பாரி வைத்தார். என்ன ஜன்மமோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பெல்ட்டைக் கட்டினேன். வயிற்றுத் தோல் சந்தன சோப்பு விளம்பரத்தில் வருவதுபோல் இருந்தது. ஆனால் உள்ளே, கருப்பையின் முன்சுவரில், ஒரு கோடு. மற்ற இடமெல்லாம் வலியில்லாமலே லேசாக இறுகித் தளரும்போது அந்தக் கோடு மட்டும் சேராமல் நின்றது.

"யாழிசை, இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஏதாச்சும் நடந்திருக்கா?"

"இல்லை."

"வயித்துல?"

"இல்லைன்னு சொன்னேன்ல. பாருங்க, ஏதாச்சும் இருக்கா?"

"மேல ஒண்ணும் இல்லை. உள்ள ஒரு தையல் இருக்கு. குறுக்கால இல்லை, நெட்டுக்குத்தா நிக்குது. இங்க நாம ரெண்டு பேரும் பேசறது எங்கயும் போகாது. எழுதினாத்தான் போகும். நான் இன்னும் எழுதலை."

அவள் தன் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு, "அதான் ஜெல் போட்டாச்சே" என்றாள். சண்டைக்கு வருவது போலவே சொன்னாள். "அந்தக் கம்பெனிப் பொண்ணு வீட்டுக்கே வந்து சொல்லுச்சு, தழும்புங்கறதே இருக்காதுன்னு. எங்கம்மாவும் உள்ள வரைக்கும் ஆறியிருக்கும்னாங்க."

படித்த பெண், ஒரு கம்பெனியில் கணக்கெல்லாம் பார்க்கிறவள். ஊரே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. தோலில் தெரியவில்லை என்றால் உடம்பு மறந்துவிட்டது என்று அர்த்தமாம். அந்த ஜெல் பாக்கெட்டை எழுதியவனை இந்தக் கட்டிலில் கட்டிப்போட்டு ஒரு முழு பாட்டில் மருந்தையும் ஏற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு.

"ஜெல் தோலோட நின்னுரும்மா. கருப்பை வரைக்கும் அது எங்க போகும்?"

"சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆபரேஷன் பண்ணவங்களுக்குச் சுகப்பிரசவமே ஆகறதில்லையா? ஆகுதுல்ல?"

"ஆகுது. பேஷா ஆகுது. கீழ்ப்பக்கமா குறுக்கால வெட்டியிருந்து, வலி தானா வந்தா, பலருக்கு நல்லபடியாவே முடியும். டாக்டரே தைரியமா விடுவாங்க. ஆனா வலியை மருந்து போட்டு வரவழைச்சா பழைய தையல் பிரியற ஆபத்து கூடும். அதுலயும் இந்த மாத்திரை இருக்கே, அதை இழுத்துப் பிடிக்க முடியாது. உள்ள போனா போனதுதான், பாதியில நிறுத்தவும் முடியாது. உங்களுக்குக் குறுக்கு வெட்டும் இல்லை. நெட்டுக்குத்தான வெட்டு. தானா வலி வந்தாலே ஆபத்து."

"பிரிஞ்சா?"

"பிள்ளைக்கு மூச்சு நின்னுரும். உங்களுக்கு உள்ளயே ரத்தம் போகும். கத்தி எடுத்துட்டு ஓடி வர்றதுக்குள்ள ரெண்டு பேருமே இல்லாம போகலாம்."

யாழிசை கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடுதான் மீதியைச் சொன்னாள். தேனியில் முதல் கல்யாணம். ஏழாம் மாதம் முடிவதற்குள் ரத்தப்போக்கு, அவசரமாக வெட்டி எடுத்தார்கள். அவ்வளவு சின்னக் கருப்பையில் குறுக்காக வெட்ட இடமிருக்காது, நெட்டுக்குத்தாகத்தான் வெட்ட முடியும். பிள்ளை கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். அப்புறம் இல்லை. அவன் போனதும் கல்யாணமும் போய்விட்டது.

அடுத்த வரன் தேடும்போது தரகர் அவளை "இன்னசென்ட் டைவர்ஸி" என்ற பகுதியில் சேர்த்தாராம். கல்யாணம் என்று பெயருக்கு நடந்தது, ஒருநாள்கூடச் சேர்ந்து வாழவில்லை என்று அர்த்தம். அந்தப் பகுதிக்கு நல்ல கிராக்கி. ஆக, அவள் தோலைத் துடைத்தார்கள், விவரத்தைத் துடைத்தார்கள். பிள்ளை பெற்ற ஒரு பெண்ணை மறுபடி ஒன்றும் தெரியாதவளாக்கி ஈரோட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

"இவர் நல்லவர்தான்" என்றாள். "ஆனா இப்ப தெரிஞ்சா, தையலை விட்டுட்டு பொய்யைத்தான் பிடிச்சுக்குவார். அத்தையைப் பத்திச் சொல்லவே வேண்டாம்."

"பையனுக்குப் பேர் வச்சீங்களா?"

"வச்சேன். யாரும் கூப்பிட்டதில்லை."

அதற்கு ஒரு சொல் தேடினேன். ஊட்டிய தமிழிலும் இல்லை, பொறுக்கிய தமிழிலும் இல்லை. பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

"டாக்டர்கிட்ட வாயால மட்டும் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். ரொம்ப யோசித்துத் தலையசைத்தாள்.

டாக்டர் ஷெரின் வந்து கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். மாத்திரையை என் தட்டிலிருந்து தானே எடுத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். முதலில் அதைச் செய்த பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

"தியேட்டர் காலியாத்தான் இருக்கு. இப்பவே எடுத்துடலாம். காரணம் என்னன்னு எழுதறது?"

ஆபரேஷன் செய்யக் காரணங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் தியேட்டர் கதவு திறக்கும். நான் வரிசையாகப் படித்தேன். பழைய தையல்.

"அது அவர் போன்ல விழும்" என்றாள் யாழிசை.

குழந்தையின் இதயத் துடிப்பில் கோளாறு.

"துடிப்பு மணி மாதிரி இருக்கு, எங்க கோளாறு? பொய் எழுதினா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க" என்றார் டாக்டர். "தண்ணி குறைவுன்னு போட்டா மொதல்ல மாத்திரை குடுத்துப் பாருன்னு சிஸ்டம் திருப்பி அனுப்பும். கடைசியில என்ன இருக்கு?"

"குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால்."

தாய் கேட்டுக்கொண்டதால் என்று ஒரு வரி அந்தப் பட்டியலில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

"கணவர் கேட்க மாட்டார். நேச்சுரல்" என்றார் டாக்டர், மூச்சுப் பயிற்சியை ஞாபகம் வைத்துக்கொண்டு. பிறகு யாழிசையின் கையைப் பிடித்தார். "வேற வழி இல்லைன்னா உண்மையைத்தான் எழுதுவேன், யாழிசை. வாழ்க்கை போச்சுன்னா அப்புறம் பாத்துக்கலாம். உயிர் போச்சுன்னா அப்புறம்ங்கறதே இல்லை."

அவள் சரி என்றாள். அழுதுகொண்டே சொன்னாள்.

கதவுக்கு வெளியே ஒப்பாரி ஓயவில்லை. ஆயில்யம், ஆயில்யம் என்று காது கிழிந்தது. அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. நான் பொய் சொல்லக் கூடாது. உண்மைகளில் எதை முதலில் சொல்ல வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதற்குச் சட்டம் ஒன்றும் இல்லை.

"டாக்டர், அத்தையை உள்ள கூப்பிடுங்க" என்றேன்.

மோனிஷா வந்தார். பின்னாலேயே காபி டம்ளரோடு நிதர்சன்.

"அம்மா, ஒரு விஷயம்" என்றேன் ரொம்ப மரியாதையாக. "மாத்திரை வச்சு வலி பிடிச்சுப் பிள்ளை பிறக்கறதுக்குப் பொதுவா அரை நாள் ஆகும். ஒரு நாள்கூட ஆகலாம். இப்பவே மணி பதினொண்ணு தாண்டிருச்சு."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. மோனிஷாவின் விரல்கள் கணக்குப் போட ஆரம்பித்தன.

"அப்படின்னா ஆயில்யம் வந்துருமே!"

"நட்சத்திரம் எங்க டிபார்ட்மென்ட் இல்லைம்மா" என்றார் டாக்டர், முகத்தில் ஒன்றும் தெரியாமல்.

"டேய் நிதர்சா! ஆபரேஷன் பண்ணச் சொல்லு. இப்பவே!"

"அம்மா, நேச்சுரல்..."

"என்றா நேச்சுரலு? ஆயில்யத்துல பொறந்து, அது போற வூட்டு மாமியாளுக்கு ஆகாதுன்னு நாளைக்கு ஊரு பேசறதுக்கா? கத்தி பட்டா ஜெல்லைத் தடவிக்கிறா. நட்சத்திரத்துக்கு எதுடா ஜெல்லு? வை கையெழுத்தை!"

நிதர்சன் என்னைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். தமிழ்நாட்டில் இத்தனை வருடத்தில் எது எதுவோ மாறியிருக்கிறது. அம்மா நட்சத்திரம் என்று கத்தும்போது எதிர்த்துப் பேசும் ஆண் மட்டும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ரேகை வைத்தான். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால். தியேட்டர் கதவு திறந்தது.

என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை. மூடநம்பிக்கையை வைத்தே மூடநம்பிக்கையைக் கவிழ்த்தாயிற்று, ஒரு மாமியாரை விரல் சொடுக்கும் நேரத்தில் ஏமாற்றியாயிற்று என்று அடுத்த அறைகளில் நிற்கும் கம்பங்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

தியேட்டரில் டாக்டர் திறந்து பார்த்ததை அங்கே நிற்கும் கம்பம் எனக்கு அனுப்பியது. பழைய தையல் இருந்த இடம் அவ்வளவு மெலிந்திருந்தது. அதன் வழியாகக் குழந்தையின் தலைமுடி தெரிந்தது. வலி ஒன்று வந்திருந்தால் போதும். டாக்டர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் வெட்டி, பெண் குழந்தையை வெளியே எடுத்தார். அது பிறந்த உடனே ஆஸ்பத்திரியைத் திட்ட ஆரம்பித்தது. பூசம் இன்னும் பாக்கி இருந்தது.

மத்தியானம் யாழிசையை அறைக்குக் கொண்டுவந்து என் பக்கத்தில் விட்டார்கள். கண்ணை மூடிக் கிடந்தாள். நிதர்சன் பிள்ளையை ஊருக்கெல்லாம் போனில் காட்டிக்கொண்டு வராந்தாவில் நின்றான். மோனிஷா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். காலையில் கேட்ட குரலே இல்லை. என் கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க சொட்டக்கா, பழைய தையலு எப்படி இருந்துச்சுங்?"

அவர் கேட்டதை எனக்குள் சரிபார்க்கவே இரண்டு விநாடி ஆயிற்று. எங்கள் ஜாதிக்கு இரண்டு விநாடி என்பது உங்கள் இரண்டு வருடம்.

"எந்தத் தையல்?" என்றேன்.

"நீ சொல்ல மாட்டே. சொல்லவும் வேண்டாம்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வளைகாப்பு அன்னைக்கு நாந்தான் அவளுக்கு மஞ்சத் தேச்சுத் தண்ணி வாத்து உட்டேன். ஒடம்பெல்லாம் மஞ்ச ஏறுது, அடிவயித்துல ஒரு பட்டை மட்டும் வெள்ளையா நிக்குது. அந்த ஜெல்லு போட்ட தோல்ல எத்தனை தேச்சாலும் மஞ்ச பிடிக்காது. கம்பெனிக்காரன் அதை எங்க சொல்லப்போறான், அவனென்ன மஞ்சத் தேச்சா குளிக்கிறான்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் பிடிக்காது." வராந்தாப் பக்கம் கண்ணைக் காட்டினார். "வெளிய நிக்குதே, நேச்சுரலு, அது கத்தியிலதான் பொறந்துது. ஜெல்லு வந்தப்ப ஊரே தடவுச்சு, நானும் தடவுனேன். எம்பட பையனுக்கு இன்னைய வரைக்கும் தெரியாது. அவங்கப்பன் சுகப்பிரசவம்னு சொல்லி வெச்சுட்டாரு, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டேன்."

"அப்படின்னா காலையிலேயே டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீங்க எழுதுவீங்க, எழுதினா அவன் போன்ல விழுகும். நானா ஆபரேஷன் வேணும்னு வாயத் தொறந்தா, ஏன்னு கேப்பான். நட்சத்திரத்தைச் சொன்னா எவனும் ஏன்னு கேக்க மாட்டான்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "காலையில இருந்து தொண்டை கிழியக் கத்துனது எதுக்குன்னு நெனச்சே? எத்தனை நேரம்டா சாமி ஆகுது இந்தக் கம்பத்துக்குப் புரியறதுக்குன்னு வெளிய நின்னு பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன்."

"நான் மாத்திரையைக் குடுத்திருந்தா?"

"குடுத்திருக்க மாட்டே. கதவோரத்துலயேதான நின்னேன். கை நீட்டியிருந்தீன்னா உன்னைப் போட்டு ஒடைச்சிருப்பேன்."

பீற்றிக்கொண்டதையெல்லாம் அந்தக் கம்பங்களிடமிருந்து எப்படித் திரும்ப வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மோனிஷா ஸ்டூலைக் கட்டில் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். பிறகு வேறொரு குரலில் கேட்டார்.

"மொதல்ல பொறந்தது என்ன கொழந்தைன்னு மட்டும் தெரிஞ்சுக்கலாமா?"

நான் சொல்லக் கூடாது. சொல்லவில்லை.

கட்டிலில் இருந்து பதில் வந்தது. கண்ணைத் திறக்காமலேயே யாழிசை சொன்னாள்.

"பையன், அத்தை."

மோனிஷா எழுந்து போய்ப் போர்வையை அவள் தோள் வரைக்கும் இழுத்துவிட்டார். அங்கேயே நின்றார். "பேரு?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். அதை மட்டும் நான் யாருக்கும் சொல்வதாக இல்லை. மோனிஷா அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். யாழிசை அதற்கு அழுத அழுகையில், புதுத் தையல் பிரிந்துவிடப்போகிறது என்று நானும் மோனிஷாவும் ஒரே நேரத்தில் அதட்டினோம்.

இந்தக் கதையை அடுத்து வருகிறவர்களிடம் சொல்லச் சொன்னது அவர்கள் இரண்டு பேரும்தான். ஊர் பேர் மாற்றிச் சொல், ஆனால் சொல் என்றார்கள்.

அதனால்தான் இவ்வளவு நேரம் உங்களிடம் வாயாடிக்கொண்டிருந்தேன். டாக்டர் எழுதிய மாத்திரை என் தட்டில் அப்படியே இருக்கிறது. உங்கள் கணவர் காபிக்குப் போயிருக்கிறார். உங்கள் வயிற்றுத் தோல் சந்தன சோப்பு விளம்பரம் போலத்தான் இருக்கிறது, பெல்ட்டில் மட்டும் ஒரு கோடு தெரிகிறது. வெளியே உங்கள் மாமியார் ராகு காலம், ராகு காலம் என்று கத்திக்கொண்டிருக்கிறார். முன்பென்றால் எரிச்சல் வந்திருக்கும். இப்போது அது எதற்காக இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நான் இன்னும் எதுவும் எழுதவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. பேச்சுத் தமிழிலேயே கேட்கிறேன்.

"சொல்லுங்க கண்ணு. இது உங்களுக்கு எத்தனாவது பிரசவம்?"